முப்பத்தேழு வயதில் ஒரு புதிய மாணவர்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராசிரியர்களைப் பற்றியும் அவர்கள் இயற்றிய நூல்களைப் பற்றியுமே எழுதுகின்றனர். அயலூரிலிருந்து கல்வி தேடி வந்த மாணவர் அன்றிரவு எங்கே படுத்தார், மறுநாள் உணவுக்கு யாரிடம் கை நீட்டினார், தேர்வுக் கட்டணத்தை எவ்வாறு செலுத்தினார் என்னும் செய்திகள் அந்நூல்களின் ஓரத்தில்தான் இடம்பெறுகின்றன. ஆனால் அம்மாணவருக்கு இவையே முதற் கேள்விகள். இவற்றிற்கு விடை கிடைத்த பின்னரே அவர் புத்தகத்தைத் திறக்க முடியும்.

1528-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, பார்சலோனாவிலிருந்து தன்னந்தனியாக நடந்தே வந்த ஒருவர் பாரிஸ் மாநகரை அடைந்தார். வயது ஏறத்தாழ 37. 1521-ல் பம்பலோனாக் கோட்டையில் குண்டடிபட்ட கால் இன்னும் சற்றே நொண்டியது. போர்வீரராய் வாழ்ந்தவர், எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று வந்தவர், இப்போது மாணவராகச் சேர வந்திருந்தார். அவரே இலொயோலா நகர் இஞ்ஞாசியார். அவரைப் புனிதராக, இயேசு சபையின் நிறுவுநராக நாம் நன்கு அறிவோம். கட்டணம் கட்ட வழியற்றுத் தவித்த மாணவராக அவரைக் காண்பது அரிது. அந்தக் கோணத்தில் அவர் வாழ்வின் ஏழாண்டுகளைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயிலைத் திறந்தவர்கள்

அவர் பாரிசை அடைவதற்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்வி திருச்சபையின் முன் வந்துவிட்டது. அறிவு இறைவனின் கொடை. ஆதலால் அதை விலைக்கு விற்றலாகாது என்பது இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்களின் கருத்து. ஆசிரியர் தம் உழைப்புக்கு ஊதியம் பெறலாம். அறிவுக்கு விலை பெறலாகாது என்று அவர்கள் வேறுபடுத்திக் காட்டினர். 1179-ல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இக்கருத்தைச் சட்டமாக்கிற்று. ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும். அவர் அவ்வாலயத்தின் குருகுலத்தாருக்கும் ஏழை மாணவருக்கும் இலவசமாகக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் உரிமத்திற்கு எவரும் பணம் கேட்கலாகாது என்று பணித்தது. 1215-ல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், முந்தைய ஆணை பல ஆலயங்களில் நடைமுறைக்கே வரவில்லை என்று கூறி அதனைப் புதுப்பித்தது. நல்ல சட்டம் இயற்றுவது எளிது. அதற்குப் பணம் ஒதுக்குவது கடினம் என்பதை அப்பொதுச்சங்கத் தந்தையரும் கண்டிருந்தனர்.

கட்டணத்தை நீக்கினாலும் மாணவருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் வேண்டுமே? இதற்கு விடை கண்டவர், தாமே பாரிசில் அயலாராய் இருந்த ஓர் ஆங்கிலேயர். இலண்டன் நகர் யோசியுஸ் என்பவர் 1180-ல் எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் பாரிசில் உள்ள ஒத்தேல்-தியே மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஏழை மாணவர் தங்கும் அறை ஒன்றைக் கண்டு அதனை விலைக்கு வாங்கினார்; பதினெட்டு மாணவர் அங்கு நிலையாகத் தங்கவும், மாதந்தோறும் சிறு தொகை பெறவும் வழிசெய்தார். அதற்கு ஈடாக, மருத்துவமனையில் இறப்போரின் உடலுக்கு முன்னே சிலுவையும் தீர்த்தமும் ஏந்தி அம்மாணவர் முறைவைத்துச் செல்ல வேண்டும். பாரிசின் முதற் கல்லூரி எனப் போற்றப்படும் ‘பதினெண்மர் கல்லூரி’ இவ்வாறு ஒரு நோயாளர் விடுதியின் மூலையில் பிறந்தது.

1257-ல் இராபர்ட் தெ சோர்போன் என்னும் குரு நிறுவிய கல்லூரி இதனினும் புகழ்பெற்றது. ஆர்தென் பகுதியின் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்து, புனித ஒன்பதாம் லூயி மன்னரின் அரண்மனைக் குருவாக உயர்ந்தவர் அவர். இறையியல் பயிலும் ஏழை ஆசிரியருக்கென அவர் அமைத்த இல்லமே பின்னாளில் சோர்போன் எனப் பெயர் பெற்றது. அங்குப் பயின்றோர் சிறுவர் அல்லர். 1215-ல் பாரிசுக்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி, எட்டாண்டுகள் இறையியல் பயின்று 35 வயது நிறைந்தவரே அங்கு இறையியல் கற்பிக்கலாம். வயது வந்தோர் கல்வி நம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

ஆங்கில நாட்டின் ஆக்ஸ்போர்டில் வேறொரு வழி தோன்றியது. 1209-ல் அந்நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட்டதால் மாணவரும் ஆசிரியரும் ஊரைவிட்டே வெளியேறினர். 1214-ல் திருத்தந்தையின் தூதுவர் சமாதானம் செய்துவைத்தபோது, மாணவர் தங்கும் வீடுகளின் வாடகையைப் பத்தாண்டுகளுக்குப் பாதியாகக் குறைக்கவும், ஏழை மாணவர் நலனுக்கென ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்தவும் நகரத்தாருக்கு ஆணையிட்டார். அத்தொகையைக் கொண்டு 1240-ல் இலிங்கன் ஆயர் இராபர்ட் குரோசடெஸ்ட் ஒரு கடன் பேழையை ஏற்படுத்தினார். மாணவர் புத்தகத்தையோ பாத்திரத்தையோ ஈடாக வைத்து, வட்டியின்றிக் கடன் பெறலாம். அந்நாளில் ஆக்ஸ்போர்டு மாணவரிடம் கடன் கொடுப்போர் பவுனுக்கு வாரம் 2 பென்சுக்கு மேல் வட்டி கேட்கலாகாது என மன்னர் மூன்றாம் ஹென்றி வரம்பு கட்ட வேண்டியிருந்தது. ஒரு பவுனுக்கு 240 பென்சு. கணக்கிட்டால் அந்த வரம்பே ஆண்டுக்கு நூற்றுக்கு 43-ஐத் தாண்டுகிறது! வட்டியில்லாக் கடனின் அருமையை இதிலிருந்து உணரலாம்.

ஆயினும் இவ்வறங்களில் ஒரு குறை வேரூன்றியிருந்தது. நிறுவியவரின் விருப்பப்படி உதவித்தொகை பெரும்பாலும் அவருடைய ஊரார்க்கோ, மறைமாவட்டத்தார்க்கோ, நாட்டவர்க்கோ உரியதாயிற்று. பாரிசில் இத்தாலியர்க்கென லொம்பார்தியர் கல்லூரி இருந்தது. கர்தினால் அல்போர்னோசின் 1364-ஆம் ஆண்டு உயில் வழியாக இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் ஸ்பானிய மாணவர் இருபத்து நால்வர்க்கெனத் தோன்றிய கல்லூரி இன்றும் உள்ளது. இவை பெரும் உதவிகளே, ஐயமில்லை. ஆனால் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவராய், எவருடைய ஊராரும் அல்லாதவராய் வந்து சேர்ந்தவருக்கு எந்தக் கதவு திறக்கும்?

இருபத்தைந்து பொற்காசுகள்

இஞ்ஞாசியார் அத்தகையவரே. எருசலேமிலிருந்து திரும்பிய பின், 1524-ல், மக்களுக்கு ஆன்மப் பணியாற்றக் கல்வி தேவை என உணர்ந்து பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு 33 வயது. ஆர்தேவோல் என்னும் ஆசிரியர் கட்டணமின்றிக் கற்பித்தார். இசபெல் ரொசேர் என்னும் பெருமாட்டி அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு உதவினார். பின்னர் அல்கலா, சலமான்கா நகர்களில் பயின்றார். ஆனால் ஒரே நேரத்தில் பல பாடங்களை அள்ளிக்கொண்டதால் எதிலும் அடித்தளம் இல்லை. அவருடைய ஆன்மிக உரையாடல்களை ஐயுற்ற அதிகாரிகள் இரு நகரங்களிலும் அவரைச் சிறையிலும் வைத்தனர். எனவேதான் பாரிசுக்கு வந்தார். வந்தவர் மேல்வகுப்பைக் கேட்கவில்லை. மோந்தேகு கல்லூரியில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீனை மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கினார்.

பார்சலோனாவிலிருந்து வந்த உண்டியல் ஒன்றின் பேரில் பாரிஸ் வணிகர் ஒருவர் அவருக்கு 25 பொற்காசுகள் கொடுத்தார். அயல்நாட்டில் பணத்தைக் கையில் வைத்திருக்க விரும்பாமல், தம்மோடு தங்கியிருந்த ஸ்பானிய மாணவர் ஒருவரிடம் அதனைக் கொடுத்துவைத்தார். அவரோ சில வாரங்களிலேயே முழுவதையும் செலவழித்துவிட்டார். திருப்பித் தர அவரிடம் ஏதுமில்லை. தவக்காலம் முடிந்தபோது இஞ்ஞாசியாரிடம் காசில்லை. தங்கியிருந்த வீட்டை விட்டு வெளியேறி, புனித யாகப்பர் பெயரால் அமைந்த திருப்பயணியர் விடுதியில் தஞ்சம் புகுந்தார்.

இங்கேதான் ஏழை மாணவரின் உண்மைத் துன்பம் வெளிப்படுகிறது. கல்லூரி சேன் ஆற்றின் இக்கரையில், விடுதி அக்கரையில். விடுதிக் கதவு பொழுது விடிந்த பின்பே திறக்கும். மாலையில் மூவேளைச் செப மணி ஒலிக்குமுன் திரும்பிவிட வேண்டும். விடிவதற்குள் தொடங்கும் வகுப்புகளும் பொழுது சாய்ந்தபின் முடியும் வகுப்புகளும் அவருக்குக் கிட்டவில்லை. எஞ்சிய நேரத்திலும் உணவுக்காகத் தெருவில் பிச்சை எடுக்க வேண்டும். வகுப்பில் சேர்த்துக்கொள்ள எவரும் மறுக்கவில்லை. ஆனால் தங்கும் இடத்தின் கதவு திறக்கும் நேரம் கல்வியைத் தடுத்தது. பிற்காலத்தில் உரோமையில், 1553 முதல் 1555 வரை, தம் வாழ்வை கொன்சால்வெஸ் தா காமரா என்னும் குருவிடம் எடுத்துரைத்தபோது, இச்சிறு விவரங்களையெல்லாம் அவர் மறவாது கூறினார்.

ஏழை மாணவர் பலர் கல்லூரி ஆசிரியர்க்கு ஏவல் செய்து பயின்றனர். அவ்வாறு ஓர் ஆசிரியரிடம் வேலைக்குச் சேர இஞ்ஞாசியார் முயன்றார். ஆசிரியரைக் கிறிஸ்துவாகவும் உடன் மாணவரைத் திருத்தூதராகவும் எண்ணிப் பணிபுரியலாம் என மனத்தில் திட்டமும் வகுத்துக்கொண்டார். தெரிந்தவர் வழியாகத் தேடியும் ஓர் இடமும் கிடைக்கவில்லை. அப்போது ஸ்பானியத் துறவி ஒருவர் நல்ல வழி கூறினார். “ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதங்களை இழந்து பிளாந்தர்சுக்குச் செல்லும், அங்குள்ள ஸ்பானிய வணிகரிடம் இரந்து ஆண்டுச் செலவுக்கு வேண்டியதைக் கொண்டுவாரும்” என்பதே அந்த யோசனை. அவ்வாறே 1529 முதல் அவர் புரூஜஸ், ஆன்ட்வெர்ப் நகர்களுக்குச் சென்றார். ஒருமுறை இலண்டனுக்கும் சென்று, மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதலாகத் திரட்டி வந்தார். பார்சலோனாவிலிருந்து இசபெல் ரொசேரும் உதவி அனுப்பினார். 1532 நவம்பரில் அவருக்கு இஞ்ஞாசியார் பாரிசிலிருந்து எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. அந்தப் பெருமாட்டி பிறர் கல்விக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் அவ்வகுப்பறையில் அவர் அமர இயலாது. நாம் மேலே கண்ட எந்த அறக்கட்டளையும் பெண்களை எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பணத்தைச் செலவழித்த அந்த மாணவர் என்ன ஆனார்? ஊர் திரும்பும் வழியில் ரூவான் நகரில் அவர் நோயுற்றார். செய்தியறிந்த இஞ்ஞாசியார் 28 லீக் தொலைவை, ஏறத்தாழ 130 கிலோமீட்டரை, வெறுங்காலுடன் உணவின்றி மூன்று நாளில் நடந்து சென்று, அவரைத் தேற்றிக் கப்பலேற்றிவிட்டார். மன்னிப்பைப் பற்றி நாம் ஆற்றும் மறையுரைகளைவிட இந்நடைப்பயணம் ஆற்றல் மிக்கது.

இரு ஏழை மாணவர், இரு வழிகள்

இஞ்ஞாசியார் பயின்ற மோந்தேகு கல்லூரிக்கு வேறொரு வரலாறு உண்டு. அதனைச் சீரமைத்தவர் ஜான் ஸ்டான்டொங்க். மெக்கலன் நகரில் ஏழைச் செருப்புத் தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்து, பாரிசில் புனித ஜெனவியேவ் மடத்தில் ஏவல் செய்து கல்வி கற்றவர். கல்லூரியின் தலைவரான பின், தம்மைப் போன்ற ஏழை மாணவர்க்கென 1490-களில் அங்கேயே ஓர் இல்லம் அமைத்தார். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் தாம் பட்ட துன்பத்தையே அவர்களுக்கும் விதியாக்கினார். நோன்பு, குளிர், இரவு விழிப்பு, வேலை என அவ்வில்லம் கடுந்தவ மடமாயிற்று. 1495-ல் அக்கல்லூரியில் தங்கிய எராஸ்மஸ் உடல் நலிந்து வெளியேறினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே உண்ட கெட்டுப்போன முட்டைகளை மறவாமல் எழுதினார். ஸ்டான்டொங்க் தீயவர் அல்லர். அவர் இல்லையேல் பல ஏழைகளுக்குக் கூரையே இருந்திராது. ஆயினும் ‘நான் இப்படித்தான் படித்தேன், நீயும் இப்படியே படி’ என்பது அவருடைய கல்விக் கொள்கையாய் இருந்தது.

இஞ்ஞாசியாரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். பட்டினியும் பிச்சையும் பாரிசின் குளிரும் அவருடைய உடலைக் கெடுத்தன. 1535-ல் முதுகலைப் பட்டத்துடன் அவர் பாரிசை விட்டுப் புறப்பட்டதே உடல்நலம் கருதித்தான். இடையில் நிகழும் ‘கல் எடுத்தல்’ என்னும் தேர்வுக்கு ஒரு பொற்காசு கட்டணம். மிக ஏழைகளால் அதனைச் செலுத்த முடியாது. அத்தேர்வை எழுதலாமா வேண்டாமா என அவர் தடுமாறித் தம் ஆசிரியரிடம் ஆலோசனை கேட்டார். இத்தனையும் பட்டவர் பின்னாளில் சபையின் சட்டத்தொகுப்பை எழுதியபோது எடுத்த முடிவு வியப்புக்குரியது. சபையின் குருக்கள் வாழும் இல்லங்களுக்கு நிலையான வருமானம் கூடாது. அவர்கள் தருமத்தையே நம்பி வாழ வேண்டும். ஆனால் மாணவர் பயிலும் கல்லூரிகளுக்கு நிலையான வருமானம் இருக்கலாம். மாணவர் பிச்சைக்குச் செல்லாமல் படிக்க வேண்டும். நோன்பாலும் மிகையான தவத்தாலும் உடலைக் கெடுத்துக்கொள்ளலாகாது. வறுமையைத் தாயைப் போல் நேசித்த புனிதர், மாணவரின் வறுமையைப் புண்ணியமாகக் கருதவில்லை. அது கல்விக்கு இடையூறு என்று கண்டு அகற்ற முயன்றார்.

அடுத்த அடியையும் எடுத்துவைத்தார். 1548-ல் சிசிலித் தீவின் மெசினா நகரிலும், 1551-ல் உரோமையிலும் இயேசு சபையினர் பள்ளிகளைத் திறந்தனர். உரோமைப் பள்ளியின் வாயிலில் இலக்கணமும் இலக்கியமும் கிறிஸ்தவப் போதனையும் இலவசமாகக் கற்பிக்கப்படும் என்று எழுதிவைத்தனர். இலவசம் என்றால் செலவில்லை என்பது பொருளன்று. மெசினாவில் நகரத்தார் செலவை ஏற்றனர். உரோமையில் காந்தியாக் கோமகனாய் இருந்த பிரான்சிஸ் போர்ஜியா பொருளுதவி செய்தார். யாரோ ஒருவர் கொடுத்தார். ஆனால் மாணவரிடம் கேட்கவில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இந்நெறி நின்றது. 1773-ல் சபை கலைக்கப்பட்டு 1814-ல் மீண்டும் உயிர்பெற்றபோது பழைய மானியங்கள் மறைந்திருந்தன. எனவே 1833-ல் சபைத் தலைவர் ரூத்தான் திருத்தந்தையிடம் விதிவிலக்குப் பெற்று, கட்டணம் வாங்க இசைவளித்தார். 1844-ல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-ல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி முதலியன அதற்குப் பிந்திய காலத்தவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்போர் மறையும்போது கட்டணம் பிறக்கிறது என்னும் வரலாற்று உண்மையையே சுட்டுகிறோம்.

நம் கடற்கரை வரை

1529-ல் இஞ்ஞாசியார் புனித பார்பரா கல்லூரிக்கு மாறினார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர் இருவர். ஒருவர் சவாய் நாட்டில் ஆடு மேய்த்த பீட்டர் பேபர். மற்றவர் நவார் நாட்டில் நலிவுற்ற பிரபுக் குடும்பத்தில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். போர்த்துகல் மன்னர் மூன்றாம் யோவான் தம் நாட்டு மாணவர்க்கென 50 உதவித்தொகைகளை அக்கல்லூரியில் நிறுவியிருந்தார். அறைத்தோழர் மூவருள் எவரும் போர்த்துகீசியர் அல்லர்; அந்த உதவி அவர்களுக்குரியதன்று. ஆயினும் அக்கல்லூரித் தலைவர் தியோகோ தெ கோவேயா இவர்களை நன்கறிந்திருந்தார். இந்தியாவுக்கு அனுப்ப ஏற்றவர் இவர்களே என்று பின்னாளில் அதே மன்னருக்குப் பரிந்துரைத்தவர் அவர்தாம். அதன் பயனாகவே 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

ஓராண்டுக்கு மேல் நம் கடலோர மக்களிடையே உழைத்தபின், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய மடலில் அவர் தம் பழைய பல்கலைக்கழகத்தை நினைவுகூர்ந்தார். பாரிசுக்குச் சென்று, பெற்ற கல்வியைப் பயன்படுத்த மனமின்றி இருப்போரிடம் பித்தரைப் போல் கூவி அறிவுறுத்தத் தோன்றுகிறது என்றார். தருமக் காசில் படித்த தோழரோடு ஒரே அறையில் வாழ்ந்தவர் அவர். கல்வி எவருடைய பணத்தால் வந்தது, எவருக்காக வந்தது என்பதை மறவாதவரின் குரலாகவே அம்மடல் நமக்கு ஒலிக்கிறது.

நம் பங்குகளிலும் கல்வி உதவி நிதிகள் உள்ளன. நல்லுள்ளம் படைத்தோர் பெற்றோரின் நினைவாகவும் வெள்ளிவிழா நன்றியாகவும் நிறுவியவை அவை. அவற்றின் விதிகளை வாசித்தால், இந்த ஊரில் பிறந்தவர், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இத்தனை ஆண்டுகள் வரி செலுத்தியவர் என்னும் வரம்புகள் பல இடங்களில் காணப்படுகின்றன. பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்து பங்கின் எல்லையில் வாடகைக்குக் குடியேறிய குடும்பத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் விடுதிக் கட்டணத்துக்கு யாரிடம் செல்வது என்று தெரியாது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின், நின்றுபோன படிப்பை நாற்பது வயதில் தொடர விரும்பும் தாய்க்கு உதவித்தொகை கேட்கும் துணிவே வருவதில்லை. ‘இந்த வயதில் எதற்கு?’ என்னும் சொல் முதலில் வந்து நிற்கிறது. முப்பத்தேழு வயதில் சிறுவரோடு அமர்ந்து இலக்கணம் கற்றவரின் திருவிழாவை ஆண்டுதோறும் சூலை 31-ல் கொண்டாடுகிறோம்.

துன்புற்றுப் படித்து முன்னேறியவர் நம்மிடையே பலர். அவர்கள் முன் ஸ்டான்டொங்கின் வழியும் இஞ்ஞாசியாரின் வழியும் திறந்தே உள்ளன. நாம் நடந்த முள்வழியிலேயே அடுத்தவரும் நடக்கட்டும் என்று விடலாம். முள்ளை அகற்றியும் வைக்கலாம். கல்லூரிகள் திறக்கும் சூன் மாதத்திற்கு முன்பாக, உதவி நிதிகளைப் பொறுப்பேற்று நடத்தும் அன்பர்கள் தங்கள் விதிமுறைகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. ‘இந்த ஊரார்க்கு மட்டும்’ என்னும் வரிக்குக் கீழே, ‘புதிதாக வந்தவர்க்கும், வயது கடந்து படிப்போர்க்கும்’ என்று மேலும் ஒரு வரி சேர்க்க இடம் இருக்கும்.